ஒரு வாக்குக் குறைந்த ஊர்: லிட்டில் பே ஐலண்ட்ஸ் – நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வின் நடுவில் ஓர் எண் இருக்கிறது: 89.47. தொகை கொடுத்து ஓர் ஊரை முழுதாக இடம்பெயர்க்க, ஊராரின் ஆதரவு வாக்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாண அரசு கேட்டது 90 சதவீதம். லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற சிற்றூர் கொடுத்தது 89.47. இவ்வளவு சிறிய ஊரில் அந்த அரைச் சதவீத இடைவெளியை நிரப்ப ஒரே ஒரு வாக்கு போதும். அந்த ஒரு வாக்குக்காக ஊர் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது. காத்திருந்த காலத்தில் நடந்ததுதான் வாக்கெடுப்பை விட முக்கியமானது என்பது என் கருத்து. தொடர்புடையவர்களின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

நியூஃபவுண்ட்லாந்து என்ற பெயரைத் தமிழர் பலர் 1986 ஆகஸ்டில் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். இரண்டு உயிர்காப்புப் படகுகளில் பனிமூட்டத்துக்குள் தவித்துக்கொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை அந்தத் தீவின் தென்கரை மீனவர்கள்தான் மீட்டார்கள். இந்த ஆய்வு அதே தீவின் வடகரையைப் பற்றியது.

இடமும் தொழிலும்

நியூஃபவுண்ட்லாந்து தீவின் கரை கோட்டைச் சுவர் போல நேராக ஓடுவதில்லை. கிழிந்த துணியின் ஓரம் போல உள்ளே வெளியே மடிந்து கிடக்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு காலத்தில் ஒரு மீனவ ஊர் இருந்தது. அத்தகைய ஊரை அங்கே ‘அவுட்போர்ட்’ என்பார்கள். அவற்றுள் பலவற்றுக்குச் சாலை கிடையாது, கடல்தான் வழி. லிட்டில் பே ஐலண்ட்ஸ் நோட்ர் டேம் விரிகுடாவில் உள்ளது. காற்றுக்கு ஒதுங்கிய நல்ல துறைமுகம். வசந்த காலத்தில் வடக்கிலிருந்து மிதந்து வரும் பனிப்பாறைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். நியூஃபவுண்ட்லாந்து பெருந்தீவுக்கு வர 2019 வரை மாகாண அரசின் படகுப் போக்குவரத்து இருந்தது; பில்லீஸ் ஐலண்டில் இறங்கினால் சாலை கிடைக்கும். படகு ஓடாத நாளில் மருத்துவரும் கிடையாது, கடைச் சரக்கும் கிடையாது என்ற நிலை.

காட் என்ற குளிர்கடல் மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரத்தட்டிகளில் பரப்பிக் காயவைத்து ஏற்றுமதி செய்வதுதான் இந்தக் கரை முழுவதற்கும் தலைமுறைத் தொழில். மீன் பிடிப்பது ஆண்கள் வேலை என்றால், கரையில் அதைக் கருவாடாக்குவதில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் பங்கு. லிட்டில் பே ஐலண்ட்ஸ் இதில் சாதாரண ஊர் அல்ல. கோடையில் வடக்கே உள்ள லாப்ரடோர் கரைக்குப் போய் மீன் பிடித்துத் திரும்பும் கப்பல்களுக்கு அது ஒரு மையமாக இருந்தது. அங்கே வணிகம் செய்த பெரிய குடும்பம் ஒன்று வலையும் உப்பும் மாவும் கடனாகக் கொடுத்து, பருவ முடிவில் மீனாகத் திரும்பப் பெற்றது. மீனின் விலையைச் சொல்வதும் முதலாளிதான், மாவின் விலையைச் சொல்வதும் அவர்தான். கையில் காசு பார்க்காமலே வாழ்ந்து முடித்த மீனவர்கள் இந்தக் கரையில் ஏராளம். ‘பழைய நல்ல காலம்’ என்று இதை எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பழைய காயம்: 1954 முதல் 1975 வரை

இந்த ஊரின் கதையை 2015-இல் தொடங்கினால் பாதி விளங்காது. நியூஃபவுண்ட்லாந்து 1949 மார்ச் 31 அன்றுதான் கனடாவில் சேர்ந்தது. புதிய மாகாண அரசின் முன்னால் நின்ற கேள்வி எளிது, விடை கடினம்: கரையெங்கும் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களுக்குப் பள்ளி, மருத்துவமனை, மின்சாரம், சாலை எல்லாம் எப்படிக் கொடுப்பது? அரசு கண்ட வழி, ஊர்களுக்கு வசதியைக் கொண்டுபோவதற்குப் பதிலாக மக்களை வசதி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவது.

1954-இல் தொடங்கிய முதல் திட்டத்தில் ஊரார் அனைவரும் சம்மதிக்க வேண்டும்: 100 சதவீதம். 1965-இல் மத்திய அரசும் கைகோத்தபோது அது 90 ஆயிற்று, பின்னர் 80. குடும்பத்துக்கு 1,000 டாலர், அதோடு ஆளுக்கு 200 டாலர் உதவித்தொகை. சம்மதத்தைக் கேட்ட விதம்தான் கசப்பை விதைத்தது. வீடு வீடாக ஒரு மனு போகும். கையெழுத்திட்டவர் யார், மறுத்தவர் யார் என்பது அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் கிளம்பப் போகிறார், பாதிரியார் வரமாட்டார் என்று பேச்சு எழுந்தால் போதும், தயங்கியவர்களும் கையெழுத்திட்டார்கள். 1975-க்குள் ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாயின. சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். வீட்டை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, பீப்பாய்களைக் கட்டி, கடலில் மிதக்கவிட்டுப் படகால் இழுத்துச் சென்றவர்கள் உண்டு. அந்தப் புகைப்படங்கள் இன்றும் அந்த மாகாணத்தில் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

பிற்கால அரசுகள் ஊர் பெயர்ப்பு என்ற சொல்லுக்கே அஞ்சியதற்கு இதுதான் காரணம். எனவே பிந்தைய கொள்கையில் ஒரு விதியை உறுதியாக வைத்தார்கள்: அரசு எந்த ஊரையும் போகச் சொல்லாது, ஊர்தான் அரசிடம் வந்து கேட்க வேண்டும். கேட்பதற்கு நியாயமான விதியாகவே இருக்கிறது. அதன் மறுபக்கத்தைப் பின்னால் பார்ப்போம்.

மீன் இல்லாத கடல்

லிட்டில் பே ஐலண்ட்ஸ் பழைய பெயர்ப்பில் தப்பித்தது. அதைத் தளரவைத்தது வேறு. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு வடபகுதிக் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. பல ஆண்டுகளாகப் பெரிய இழுவைக் கப்பல்கள் வாரியெடுத்ததில் மீன்வளம் சரிந்துவிட்டது. அறிவியல் மதிப்பீடுகள் இருப்பதைக் கூட்டிக் காட்டியிருந்தன. ஒரே நாளில் சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்ட தடை முப்பது ஆண்டுகளைத் தாண்டியது.

காட் போன இடத்தைப் பனிநண்டு பிடித்தது. நண்டுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் அதற்குப் பெரிய படகும் உரிமமும் வேண்டும், கரையில் தேவைப்படும் கைகள் குறைவு. லிட்டில் பே ஐலண்ட்ஸில் நண்டு பதப்படுத்தும் ஆலைதான் ஊரின் உலை எரியக் காரணமாக இருந்தது. 2010 வாக்கில் அதுவும் மூடப்பட்டது. அதன்பின் நடந்தது எல்லாக் கடற்கரையிலும் நடப்பதுதான். வேலை தேடி இளையவர்கள் போனார்கள்; அவர்களோடு பிள்ளைகள் போனார்கள்; பிள்ளைகள் இல்லாததால் பள்ளி போயிற்று. 2011 கணக்கெடுப்பில் 97 பேர். 2016-இல் 71 பேர். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் ஓய்வூதிய வயதினர்.

2013-இல் மாறிய விதிகள்

மாகாண அரசு 2013-இல் இடப்பெயர்ப்புத் தொகையைப் பெருமளவு உயர்த்தியது. அதுவரை ஒரு லட்சம் டாலரைத் தாண்டாதிருந்த தொகை, வீட்டில் உள்ளோர் எண்ணிக்கையைப் பொறுத்து 2,50,000 முதல் 2,70,000 டாலர் வரை ஆயிற்று. நிபந்தனைகள் மூன்று. ஊர் தானாக விண்ணப்பிக்க வேண்டும். இடம்பெயர்த்தால் நீண்ட காலத்தில் அரசுக்குச் செலவு மிச்சம் என்று கணக்குக் காட்ட வேண்டும். நிரந்தரக் குடியிருப்போரில் 90 சதவீதத்தினர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும்.

தொகை உயர்ந்ததன் பொருளை ஊர்க்காரர் கண்ணால் பார்க்க வேண்டும். வாங்க ஆளில்லாத தீவில் வீட்டுக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. எழுபது வயதில், முழங்கால் வலியோடு, பனி வாரிப் போட ஆளில்லாமல் இருப்பவருக்குத் திடீரென்று வேறொரு நகரில் வீடு வாங்கும் தொகை எதிரே வைக்கப்படுகிறது. ஆனால் அது அவர் ஒருவருக்காகக் கிடைக்காது. அண்டை வீட்டாரும் சரி என்றால்தான் கிடைக்கும். ஊரின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி, அடுத்த வீட்டுக்காரரின் மனத்தைப் பற்றிய கேள்வியாக மாறியது இங்கேதான்.

முதல் வாக்கெடுப்பு

ஊரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டு, தகுதியுள்ளோர் பட்டியல் தயாரானது. முதல் சச்சரவு வாக்குக்கு முன்பே எழக்கூடிய இடம் இதுதான். ‘நிரந்தரக் குடியிருப்போர்’ யார்? குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வசந்தத்தில் திரும்புபவர் நிரந்தரமா? கோடைக்கு மட்டும் வரும், இங்கே பிறந்த மகன்? விதிப்படி பருவகாலத்தில் வருவோருக்கு வாக்கில்லை. ஆயினும் தாத்தாவின் வீட்டை வெள்ளையடித்து வைத்திருப்பவருக்கு அந்த ஊர்மேல் உரிமை இல்லை என்று எந்தப் பட்டியலாலும் அவரை நம்பவைக்க முடியாது.

2015–16 குளிர்காலத்தில் முடிவு வந்தது: போக விரும்பியோர் 89.47 சதவீதம். எல்லை 90. அரசு விதியை விதியாகவே பிடித்தது, விண்ணப்பம் நின்றது.

இந்த முடிவைச் சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன் ஒரு ஒப்பீடு. 1948 ஜூலை 22 அன்று நியூஃபவுண்ட்லாந்து மக்கள் கனடாவோடு சேர்வதா என்று வாக்களித்தபோது ஆதரவு 52.3 சதவீதம். ஒரு நாடு தன் தனித்தன்மையைக் கைவிட அது போதுமாக இருந்தது. அந்த நாட்டின் ஒரு மூலையில் உள்ள சிற்றூர் தன் படகுப் போக்குவரத்தைக் கைவிட 89.47 போதவில்லை. இதில் கேலி இருப்பது போலத் தோன்றலாம். ஆனால் அரசின் தரப்பில் காரணம் உண்டு: மனுக் காலத்தின் கொடுமையை மறக்காதவர்கள், இருக்க விரும்பும் சிறுபான்மையைப் பெரும்பான்மை நசுக்கக் கூடாது என்று உயர்ந்த சுவரைக் கட்டினார்கள். அரை சதவீதத்துக்காகச் சுவரை இறக்கினால் அடுத்த ஊரில் இன்னும் அரை சதவீதம் இறக்கச் சொல்வார்கள். நான் அந்த இருக்கையில் இருந்திருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். தவறு அந்த நாளில் இல்லை. விதியை அமைத்த நாளில் இருக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகள்

சிறுபான்மையைக் காக்க வைத்த விதி, அதே சிறுபான்மையை ஊரின் நடுவில் தனியாக நிறுத்தியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். யார் என்று ஊகிக்க எவருக்கும் சிரமம் இல்லை. ஒவ்வொருவரும், ‘உன் ஒரு வாக்கால் எனக்கு இரண்டரை லட்சம் போயிற்று’ என்ற பார்வையைச் சுமந்தார்கள். சொந்த பந்தங்கள் பேசிக்கொள்ளாத நிலை வந்ததைச் செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. ஒரே துறையில் படகு கட்டி, ஒரே தேவாலயத்தில் அமர்ந்து, ஒரே சறுக்கு வண்டித் தடத்தில் விறகு கொண்டுவரும் ஊரில் பேச்சு நின்றால் வாழ்க்கையில் பாதி நின்றுபோகும்.

போக விரும்பியவர்களைப் பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று பேசுவதும் நியாயம் அல்ல. மேல்மாடிக்கு ஏற முடியாத முதியவருக்கு, காற்றடித்தால் நிற்கும் படகை நம்பி மருத்துவமனைக்குப் போவது ஆசை சம்பந்தப்பட்டதல்ல. அதேபோல இருக்க விரும்பியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்பதும் பிழை. இரு தரப்பும் தங்களுக்குத் தெரிந்த ஒரே நன்மையைத்தான் கேட்டன. ஒரு தரப்பின் நன்மை மறு தரப்பின் இழப்பாகவே இருக்கும்படி அமைத்தது விதிதான்.

இந்த ஆண்டுகளில் காலம் வாக்கெடுப்பை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தது. முதியவர்கள் இறந்தார்கள். வாக்குக்கும் தொகைக்கும் காத்திருக்க முடியாதவர்கள் சும்மா கிளம்பிப் போனார்கள். முதல் முடிவில் மிக அதிகம் இழந்தவர்கள் இவர்கள்தான் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. எஞ்சியோருக்கு ஒன்று தெளிவானது: வாக்கெடுப்பு தோற்றதால் ஊர் பிழைக்கவில்லை, சாவு மட்டும் தாமதமாகிறது.

இரண்டாவது வாக்கெடுப்பும் கடைசி நாளும்

2019-இன் தொடக்கத்தில் மறுபடி வாக்கெடுப்பு. அப்போது ஊரில் சுமார் ஐம்பது பேர். இம்முறை ஒரு எதிர் வாக்கும் இல்லை: 100 சதவீதம்.

முன்பு வேண்டாம் என்றவர்கள் ஏன் மாறினார்கள்? மாறியவர்கள் எல்லோரும் மனம் மாறியவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அண்டை வீட்டாரின் முகத்தை மூன்று குளிர்காலம் பார்த்தபின், தான் இருக்க விரும்பினாலும் அவர்களுக்காகச் சரி என்று சொல்வது மனித இயல்பு. ஒருமனது என்று பதிவேட்டில் எழுதப்படும் இதற்குள் எத்தனை சோர்வும் எத்தனை இரக்கமும் இருந்தன என்பதை எந்த எண்ணும் காட்டாது. 1954-இன் 100 சதவீதமும் 2019-இன் 100 சதவீதமும் எண்ணளவில் ஒன்று.

அரசின் மதிப்பீட்டில் இருபது ஆண்டுகளில் சுமார் 2 கோடி டாலர் மிச்சமாகும். 2019 டிசம்பர் 31 சேவைகள் முடியும் நாளாக அறிவிக்கப்பட்டது. படகுப் போக்குவரத்தும் மின்சாரமும் பனி அகற்றலும் அன்றோடு முடிவதாக ஏற்பாடு. கோடை முழுக்கச் சாமான்கள் படகேறின. பலர் ஸ்பிரிங்டேல் போன்ற அருகிலுள்ள ஊர்களில் குடியேறினார்கள். அறுபதுகளைப் போல வீடுகளைக் கடலில் மிதக்கவிட அவசியம் இல்லை. வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. அறிவித்த நாளில் கடைசிப் படகு கிளம்பியது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பிறகு நடந்தவை

ஊர் முழுக்கக் காலியாகவில்லை. ஒரு தம்பதி தங்கிவிட்டார்கள். கூரையில் சூரியத் தகடுகள், கொல்லையில் விறகு, பனிக்காலத்துக்குப் போதுமான உணவு இருப்பு என்று முன்கூட்டியே தயாராகி, நூறு வீடுகளுக்குரிய துறையில் இருவராகக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அவர்களைப் பற்றிய செய்திகள் உலகெங்கும் போயின. துணிச்சலான தம்பதி, பனி, நரி, தனிமை என்று பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை. ஆனால் கொள்கை ஆய்வாளருக்கு அவர்கள் சொல்லும் பாடம் வேறு: சேவைகள் இல்லாவிட்டாலும் இருப்பேன் என்பவருக்கும், சேவை இல்லாததால் போகிறேன் என்பவருக்கும் நடுவில் உண்மையில் எந்த மோதலும் இல்லை. முதல் வாக்கெடுப்பிலேயே இருவருக்கும் அவரவர் வழியை விட்டிருக்க முடியும்.

மற்றவர்களும் உறவை முற்றிலும் அறுக்கவில்லை. உரிமையாளர்கள் அனுமதி பெற்றுக் கோடையில் தங்கள் வீடுகளுக்கு வந்து தங்க அரசு வழி வைத்தது. சொந்தப் படகில் வருகிறார்கள்; மின்னாக்கிகளைக் கொண்டுவருகிறார்கள்; கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறார்கள். வெள்ளைச் சுவரும் பச்சைக் கதவுமாக, வர்ணம் தீட்டிய வீடுகள் சில முன்னிலும் நன்றாகவே இருக்கின்றன. குளிர்காலத்தில் அவை பூட்டிக் கிடக்கும்.

2024 ஜூனில் மத்திய அரசு வடபகுதிக் காட் மீன்பிடித் தடையை முடித்து, சிறிய அளவில் வணிக மீன்பிடிப்புக்கு அனுமதி தந்தது. அந்த அளவு மீனால் அந்த ஊர் மீண்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. 1992-க்கும் 2024-க்கும் நடுவில் ஒரு தலைமுறை போய்விட்டது; வலையைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அதோடு போய்விட்டன.

எது மாறியது, எதை மாற்ற வேண்டும்

பின்னர் மாகாண அரசு தேவையான ஆதரவை 90-இலிருந்து 75 சதவீதமாகக் குறைத்தது. லிட்டில் பே ஐலண்ட்ஸ் போன்ற ஊர் இனி அரை சதவீதத்தில் நிற்காது. ஆனால் எண்ணைத்தான் மாற்றினார்களே தவிர அமைப்பை மாற்றவில்லை. 75-இலும் 74-இல் நிற்கும் ஓர் ஊர் வரும். அங்கும் யாரோ ஒருவரின் கதவை அண்டை வீட்டார் முறைத்துப் பார்ப்பார்கள். 100, 90, 80, 90, 75 என்று எழுபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பது சரியான எண்ணை. எண்ணே சரியான கருவிதானா என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த நிகழ்விலிருந்து நான் எடுக்கும் முடிவுகள் வேறு இடங்களுக்கும் பொருந்தலாம். ஊர் முழுவதும் ஒன்றாகச் சரி சொன்னால்தான் ஒருவருக்கும் தொகை என்பதை விட்டு, போக விரும்பும் குடும்பங்களுக்குத் தனித்தனியாகத் தொகை கொடுத்து, குறைந்து வரும் ஊருக்கு எந்தச் சேவை எதுவரை கிடைக்கும் என்று முன்பே எழுதி அறிவிக்கலாம். அதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு: பாதிப் பேர் போனால் எஞ்சிய பாதிக்காகப் படகை ஓட்டும் செலவு குறையாது, மிச்சமும் கிடைக்காது. உண்மைதான். ஆயினும் முதல் வாக்கெடுப்பு தோற்றபின் வந்த மூன்று ஆண்டுகளும் அரசுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. படகு ஓடியது, பனி வாரப்பட்டது, கூடவே ஊரில் பேச்சு நின்றது. அந்தச் செலவைக் கணக்கில் எழுதினால் வாதம் அவ்வளவு பலமாக நிற்காது.

தகுதியுள்ளோர் பட்டியலைப் பற்றியும் ஒன்று. வாக்கெடுப்புக்குச் சில மாதங்களுக்கு முன் ‘நிரந்தரம்’ யார் என்று தேடத் தொடங்கினால், ஒவ்வொரு பெயரும் ஒரு சண்டை. ஊர் விண்ணப்பிப்பதற்கு வெகு முன்பே, அதுவும் தொகை பற்றிய பேச்சு எழாத காலத்திலேயே, ஆண்டுதோறும் குடியிருப்போர் பதிவை வைத்திருந்தால் அந்தச் சண்டைகளில் பலவற்றுக்கு இடமிராது. இது பெரிய சீர்திருத்தம் அல்ல. ஒரு எழுத்தரின் வேலை.

இன்னொன்று கல்லறைகள். இடம்பெயர்ப்பு ஒப்பந்தத்தில் வீடும் தொகையும் இருந்தன. இறந்தவர்களைப் பார்க்க வருவதற்கான படகு அதில் இல்லை. கோடையில் வருபவர்கள் தங்கள் சொந்தச் செலவில்தான் அந்தப் புல்லை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.